ஆறடி பிலிம்

இகுதா சென்ஸோ முப்பத்து நான்கு படங்களை இயக்கினார். ஒன்றுக்குக்கூடப் பரிசு கிடைக்கவில்லை. ஒன்றுகூடத் தாமதமாக முடிந்ததும் இல்லை. தாமா ஆற்றங்கரையில் இருந்த எங்கள் ஸ்டூடியோவில் அவருக்கு 'ரயில் அட்டவணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருடைய அப்பா ஹிமேஜி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் அதைக் கேட்டுக் கோபப்பட்டதில்லை.

நான் பதினோரு வருடம் அவருக்குக் கன்டினியூட்டி எழுதினேன். எந்த ஷாட்டில் யார் கையில் எந்தக் கோப்பை இருந்தது, எத்தனையாவது டேக் சரியாக வந்தது என்று எழுதி வைக்கிற வேலை. அதனால் அவரைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் ஷூட்டிங் கதைகளையே எதிர்பார்க்கிறார்கள். அவருடைய ஷூட்டிங்கில் கதை எதுவும் நடக்காது. காலை எட்டு மணிக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி கேமரா பெட்டியின்மேல் வைப்பார். ஐந்து மணிக்கு அதைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். நடிகையை அழவைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதோ ஒரு பொய்யை மெதுவாகச் சொல்வார். அந்தப் பெண் அழுதுவிடும். "சரி, எடுத்தாச்சு" என்று எழுந்து வந்துவிடுவார்.

இருபத்தொரு வயதில் கிளாப் அடிக்கச் சேர்ந்தவர். நடுவில் பட்டாளத்தில் சேர்த்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள். மலேரியாவோடு திரும்பி வந்தார். முப்பத்தாறாவது வயதில் முதல் படம் கொடுத்தார்கள். அந்த நாளில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் போடுவார்கள். பெரிய நட்சத்திரம் நடித்தது முதல் படம். ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும் இரண்டாவது படம் எங்களுடையது. மகளுக்கு வரன் பார்க்கிற கதை, ரிட்டயராகிற அப்பாவின் கதை, மாமியாருக்குப் பல்வலி வந்த கதை. ஜனங்கள் சிரித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள், வீட்டுக்குப் போய் மறந்தார்கள். அதில் அவருக்குக் குறையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

முப்பத்தெட்டு வயதில் கல்யாணம். உடைப் பிரிவில் தைத்துக்கொண்டிருந்த தோகி அக்காவை. மூன்று வருடம் கழித்து சிகுசா பிறந்தாள். அதன் பிறகு ஐந்து மணி நாலே முக்கால் ஆனது.

அவருக்குப் பயம் வந்த கதையைச் சொல்ல எங்கள் தொழிலில் இருந்த ஒரு வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். படத்தில் செத்துப்போனவரின் போட்டோ வருகிறது என்றால், கறுப்பு ரிப்பன் கட்டிய அந்தச் சட்டத்துக்குள் உயிரோடு இருக்கிற ஒருவரின் முகத்தைத்தானே வைக்க வேண்டும்? வயதான துணை நடிகர் யாராவது ஒத்துக்கொள்வார். கம்பெனி அவருக்குக் காசு போட்ட ஒரு சின்ன உறை கொடுக்கும். ஷாட் முடிந்ததும் ரிப்பனை அவிழ்த்து, தீட்டுப் போக உப்புத் தூவி, போட்டோவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பார்கள். யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, விட்டதும் இல்லை. குழந்தையின் போட்டோ என்றால் உயிருள்ள குழந்தையினுடையதை வைக்கவே மாட்டார்கள். ஒன்றின் கண், இன்னொன்றின் வாய் என்று வெட்டி ஒட்டி, மேலே வர்ணம் தொட்டு, உலகத்தில் இல்லாத ஒரு குழந்தையை உண்டாக்குவார்கள்.

1960-ஆம் வருடம் மே மாதம் நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு டாக்சிக்காரன் வீட்டுக் கதை. முதல் மனைவிக்குப் பிறந்த பெண் குழந்தை செத்துப்போயிருக்கும். வீட்டுச் சாமி அலமாரியில் அதன் போட்டோ இருக்கும். புது மனைவி அதற்கு முன்னால் சோறு வைப்பாள். நான்கு வினாடி ஷாட்.

அன்றைக்கு மழை. ஒட்டிய போட்டோ ஈரத்தில் உப்பி, குழந்தையின் ஒரு கண் கன்னத்துக்கு இறங்கிவிட்டது. புதிதாகச் செய்ய இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். நடிகர் ஒரு மணி ரயிலில் கியோட்டோ போயாக வேண்டும், அங்கே இன்னொரு படம். செட் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் கமெதா, சட்டத்தின் பின்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரிப் படம் பிடித்துவிடலாமே என்று கேட்டார். இகுதா கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் ரூம்ல ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வா" என்றார்.

கமெதா நகரவில்லை. "அது உங்க பொண்ணு போட்டோங்க."

"இதுவும் பொண்ணு போட்டோதானே வேணும்? நாலு செகண்ட் ஐயா. நாலு செகண்ட்ல என்ன ஆயிடும்?"

மூன்று வயதில் கோவிலுக்குக் கூட்டிப்போனபோது எடுத்த படம் அது. நவம்பர் மாதத்து கிமோனோ, கையில் நீள மிட்டாய்ப் பை. குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட நாளில் எடுத்தது. கமெதா ரிப்பனைக் கட்டும்போது விரல் இரண்டு தரம் நழுவியது. நான் என் தாளில், 'போட்டோ: டைரக்டர் அறையிலிருந்து' என்று எழுதினேன். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பதினொன்று நாற்பதுக்கு முடிந்தது. நடிகர் ரயிலைப் பிடித்தார். உறையை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாததால் யாரும் கொடுக்கவில்லை. உப்பு எடுக்கப் போன கமெதாவை அடுத்த செட்டில் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜூலை முதல் வாரம் படம் வந்தது. ஒவ்வொரு படமும் வெளியாகும் நாளில் தோகி அக்காவும் நானும் ஸ்டேஷன் முன்னால் இருந்த தியேட்டருக்கு மதியக் காட்சிக்குப் போவோம். தைத்த துணி திரையில் எப்படி விழுகிறது என்று பார்க்க அக்காவுக்குப் பிடிக்கும். அந்தத் தரம் சிகுசாவுக்கு ஐந்து வயது ஆகியிருந்ததால் அவளையும் கூட்டி வந்தாள். ஷாட்டுக்கு முன்னால் எழுந்து வெளியே கூட்டிப்போய்விடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஐஸ் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். குழந்தை வேண்டாம் என்றது.

சாமி அலமாரி திரை முழுக்க வந்தது. ஊதுபத்திப் புகை. நடுவில் அவள் முகம், ஆள் உயரத்துக்கு. இரண்டு பக்கமும் கறுப்பு ரிப்பன்.

"அம்மா, அது நான்!" என்று சிகுசா அக்காவின் மடியில் எழுந்து நின்று கத்தினாள். "நான்தான்!"

முன்வரிசையில் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொருத்தர். அந்த இருட்டில் அவர்கள் குழந்தையைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு கிழவி கைகூப்பினாள். குழந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. கைதட்டிக்கொண்டே இருந்தாள். தோகி அக்கா அவள் வாயைப் பொத்தவில்லை. குழந்தையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, படம் முடிகிறவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து, "அதை எடுக்கறப்ப நீ அங்கதான இருந்த?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஒன்பதாம் நாள் சிகுசாவுக்குக் காய்ச்சல் வந்தது.

அது எந்தக் கோடை என்று எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே ஹொக்கைடோவில் ஆரம்பித்த இளம்பிள்ளை வாதம் ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருந்தது. தடுப்பூசி போதவில்லை. குழந்தைகளைக் குளத்தில் குளிக்க விடவில்லை, திருவிழாவுக்கு அனுப்பவில்லை. காலையில் எழுந்ததும் அம்மாக்கள் பிள்ளைகளை நிற்கவைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சிகுசாவை நிறுத்திப் பார்த்தபோது இடது கால் மடிந்து விழுந்தது.

தனி வார்டில் வைத்தார்கள். கண்ணாடி வழியாகத்தான் அப்பா பார்க்கலாம். அம்மா மட்டும் அங்கி போட்டுக்கொண்டு உள்ளே. டாக்டர் நேராகப் பேசினார். செயலிழப்பு காலோடு நின்றால் பிழைப்பாள். மேலே ஏறி நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நிற்கும். மூச்சு விடவைக்கிற இரும்புப் பெட்டி அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்று, அதில் வேறொரு குழந்தை இருக்கிறது. நான்கைந்து நாளில் தெரியும்.

தோகி அக்கா வெளியே வந்து முகமூடியைக் கழற்றினாள். நான் எழுந்து தள்ளி நிற்கப் போனேன். இரு என்று கையால் காட்டினாள்.

"எத்தனை பிரிண்ட் போட்டிருக்கு?" என்று புருஷனைக் கேட்டாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "தோகி. படம் வேற, காய்ச்சல் வேற. அடுத்த தெருவுல ரெண்டு குழந்தைக்கு வந்திருக்கு. அவங்க போட்டோவையா நான் வச்சேன்?"

"எனக்குத் தெரியாதா? நானும் பேப்பர் படிக்கிறேன்." அவள் குரல் உயரவில்லை. "ஒரு நாளைக்கு நாலு ஆட்டம். ஊர் ஊரா உட்கார்ந்துக்கிட்டு எம் பொண்ணு செத்துட்டான்னு பார்க்கிறாங்க, பாவம்னு கண்ணைத் துடைக்கிறாங்க. அவ உள்ள மூச்சு விட்டுக்கிட்டிருக்கா. எனக்கு அது நிக்கணும். வெட்டி எடுத்துட்டு வாங்க."

"கம்பெனி ஒத்துக்காது."

"நான் கம்பெனியையா கேட்டேன்?"

கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லைதான். இருபத்தாறு பிரிண்ட், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, பத்திரிகைக்காரன் காதில் விழுந்தால் நாறிவிடும், நீங்களா இப்படி என்றார் விநியோக மேனேஜர். அடுத்த படத்துக்குத் திங்கட்கிழமை முதல் ஷூட்டிங் என்பதையும் நினைவுபடுத்தினார். விநியோகப் பிரிவில் டைப் அடிக்கிற பெண்ணின் தங்கை மகன் அதே வார்டில் இருந்தான். தியேட்டர் பட்டியலின் கார்பன் காப்பியை அவள் என் பையில் வைத்தாள்.

திங்கட்கிழமை இகுதா செட்டுக்கு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தரம். கத்தரிக்கோல், பிளேடு, ஒட்டுகிற சிமெண்ட் புட்டி, எல்லாவற்றையும் ஒரு சோற்று டப்பாத் துணியில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார். நானும் போனேன். நான்காவது ரீலில் அந்த ஷாட் எத்தனையாவது அடியில் வருகிறது என்று என்னிடம்தான் எழுதியிருந்தது.

நான்கு வினாடி என்பது கையில் எடுத்தால் ஆறடி பிலிம். தொண்ணூற்றாறு கட்டம். கட்டத்துக்கு ஒரு சிகுசா.

முதல் தியேட்டரில் ஆபரேட்டர் ஒரு பெரியவர், பனியனோடு இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு இகுதாவை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க வெட்டினா திட்ட வர்ற டைரக்டருங்களைப் பார்த்திருக்கேன். தானே வந்து வெட்டுறவரை இப்பதான் பார்க்கிறேன். வந்தது வந்தீங்க, நடுவுல அந்த மாமியார் சீனையும் எடுத்துடுங்க, ஜனங்க தூங்குறாங்க." சொல்லிக்கொண்டே ரீலை எடுத்துக் கொடுத்தார். பிலிமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ரிப்பனைப் பார்த்தார். பிறகு இகுதாவின் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் கிண்டல் இல்லை. சிமெண்ட் காய்கிறவரை ஊதிக்கொண்டே நின்றார்.

வெட்டி முடித்ததும் இகுதா ஆஸ்பத்திரிக்குப் பேச ஸ்டேஷன் போனுக்கு ஓடினார். கால் மட்டும்தான் என்றார்கள். அடுத்த ஊரில் வெட்டிவிட்டுப் போன் செய்தார். இடுப்பு என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு ரிசீவரை வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றவரை நான் பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்ற ஆள் தொண்டையைச் செருமினார்.

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. ரயில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால், இப்போது எங்கோ நான்காவது ரீல் ஓடுகிறது என்று தோன்றும். பெட்டியில் எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்மணி நேற்று அதைப் பார்த்திருப்பாளோ என்று தோன்றும். எங்களுக்கு அறிவு இருந்தது. அறிவு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது, நாங்கள் மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தோம்.

கவகோயேயில் ஒரு பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டு ஓட்டின. இங்கே ஒரு ரீல் முடிந்ததும் சைக்கிளில் வைத்து அங்கே கொண்டுபோவார்கள். நாங்கள் போனபோது நான்காவது ரீல் தெருவில் இருந்தது. இகுதா கடைவீதியில் ஓடி, சைக்கிளுக்குக் குறுக்கே விழுந்து நிறுத்தினார். ஓட்டி வந்தவர் நாற்பது வயது ஆள், வியர்வையில் நனைந்திருந்தார்.

"அங்க மூணாவது ரீல் முடிய இன்னும் ஏழு நிமிஷம்தான் இருக்கு. வழி விடுய்யா."

"அஞ்சு நிமிஷம் குடுங்க. நான் இந்தப் படத்தோட டைரக்டர்."

"நான் இந்த நாட்டோட சக்கரவர்த்தி. தள்ளு."

நான் கிளாப் பலகையோடு அவர் நிற்கிற போட்டோவைக் காட்ட வேண்டியிருந்தது. டோஃபு கடைக்காரி ஈரமில்லாத பலகை ஒன்றைத் துடைத்துக் கொடுத்தாள். அதன்மேல் வைத்து வெட்டி ஒட்டினார். நாலரை நிமிடம்.

மறுத்தவர்களும் இருந்தார்கள். ஓமியாவில் ஒரு தியேட்டர் முதலாளி, கம்பெனிக் கடிதம் இல்லாமல் தொட விடமாட்டேன் என்றார். இகுதா அவரிடம் பொய் சொல்ல முயன்றார். பிலிமில் கீறல், தீப்பிடிக்கும், சென்சார் என்று என்னென்னவோ. எத்தனை நடிகைகளை நம்பவைத்த வாய்! ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக வரவில்லை. கடைசியில், "அது என் பொண்ணு ஐயா, உயிரோட இருக்கா" என்று மட்டும் சொன்னார். முதலாளி உள்ளே போய் மனைவியைக் கூட்டி வந்தார். அந்த அம்மாள் கேட்டுவிட்டுப் புருஷன் கையிலிருந்த சாவியை வாங்கினாள்.

நாங்கள் கிளம்பிய ஆறாம் நாள் காலையில் போன் செய்தபோது, காய்ச்சல் இறங்கிவிட்டது, நெஞ்சுக்கு ஏறவில்லை என்றார்கள். அன்றைக்கு இன்னும் பதினொரு பிரிண்ட் வெட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார். பெஞ்சில் உட்கார்ந்து சோற்று உருண்டை ஒன்றை முழுதாகத் தின்றார். பிறகு எழுந்து, "அடுத்தது எந்த ஊரு?" என்று கேட்டார்.

"இனி போகணுமா?" என்றேன்.

"இறங்கினது ஏறாதுன்னு யாரு சொன்னா?"

ஆகஸ்ட் பாதிக்குள் இருபத்தைந்து ஆனது. இருபத்தாறாவது, பிரேசிலில் குடியேறிய நம் ஆட்களுக்குக் காட்டுவதற்காக ஜூலைக் கடைசியிலேயே யோகோஹாமாவில் கப்பல் ஏறிவிட்டது. ஷிப்பிங் அலுவலகத்தில் கப்பல் அப்போது எங்கே இருக்கும் என்று கேட்டார். கடலில் என்றார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் கம்பெனி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஷூட்டிங்குக்கு வராததுதான் காரணம் என்று எழுதியிருந்தார்கள், வெட்டியதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குப் பிறகு டெலிவிஷனில் பதினெட்டு வருடம் நாடகம் எடுத்தார், சோயா சாஸ் விளம்பரம் எடுத்தார். அங்கும் தாமதமில்லை. ஆனால் கடிகாரத்தைக் கழற்றி வைப்பதை விட்டுவிட்டார். நடுவில் இரண்டு தரம் வீட்டுக்குப் போன் செய்வார். யாராவது எடுத்ததும், "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிடுவார். சிகுசா பள்ளியிலிருந்து வர ஐந்து நிமிடம் தாமதமானால் தெருமுனையில் நிற்பார். அவள் காலில் கட்டியிருந்த இரும்புப் பட்டையின் சத்தம் தூரத்தில் கேட்டால்தான் திரும்பி உள்ளே போவார். அவளுக்கு அது பெரிய எரிச்சல். சாகும்வரை அவர் அப்படித்தான் இருந்தார்.

நான் சொல்ல வந்தது அந்த செப்டம்பர் மாதத்து மதியம். குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இடது கால் குச்சியாக இருந்தது. வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியை அதில் சுற்றி வைத்திருந்தாள் தோகி அக்கா. இகுதா பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே சுருட்டிச் சுருட்டி இருபத்தைந்து பிலிம் துண்டுகள்.

அவற்றை என்ன செய்வது என்பதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. எரிக்கலாம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ரிப்பன் கட்டிய குழந்தையை எரிப்பதா? குப்பையில் போடுவதா, மண்ணில் புதைப்பதா? ஒவ்வொன்றாக நினைக்க நினைக்க உடம்பு கூசியது. வீட்டில் வைத்துக்கொள்வது அதைவிட மோசம். இகுதா டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். "எல்லாம் வந்தாச்சா?" என்றாள்.

பொய் சொல்லுவார் என்று நினைத்தேன். நானும் கூடச் சேர்ந்து சொல்லத் தயாராக இருந்தேன்.

"ஒண்ணு வரல. பிரேசில் போற கப்பல்ல இருக்கு."

"திரும்பி வருமா?"

"வரலாம். தேயுற வரைக்கும் ஓட்டிட்டு அங்கேயே போட்டுடுவாங்கன்னும் சொல்றாங்க."

அவள் தையல் பெட்டியை இழுத்து, இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்தாள். பிலிமை மடியில் விரித்து, முதல் கட்டத்தில் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த ரிப்பனின் கறுப்பைச் சுரண்ட ஆரம்பித்தாள். பூச்சு தூளாக உதிர்ந்து, அந்த இடம் வெறும் கண்ணாடி மாதிரி வெளிச்சமாயிற்று. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். முகத்தில் ஊசி படவில்லை. பிறகு அடுத்த கட்டம்.

"ரெண்டாயிரத்து நானூறு கட்டம் இருக்கு, தோகி" என்றார் இகுதா.

"காலுக்குத் துணி ஆறிப்போச்சு பாருங்க," என்றாள் அவள், நிமிராமல். "வெந்நீர் வைங்க."